திரும்பி வந்த சிட்டுக்கால் செருப்புகள்

ஆடி மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை காலையில், சிட்டுக்கால் செருப்புக் கம்பெனியில் எட்டரை மணிச் சங்கு ஊதி ஓய்ந்த கையோடு, வேலூர் ரோட்டுப் பக்கமிருந்து ஒரு ஜோடி பழைய செருப்பு, யார் காலும் இல்லாமல், தன்பாட்டுக்கு நடந்து வந்து கேட்டுக்கு முன்னால் நின்றது. வாட்ச்மேன் பரந்தாமன் இருபத்திரண்டு வருஷமாக அந்த கேட்டில் நிற்கிறவர். வருகிறவர் கலெக்டரானாலும் கறிவேப்பிலைக்காரியானாலும் ஒரே கேள்விதான் கேட்பார், அதையே செருப்பிடமும் கேட்டார், யாரைப் பார்க்கணும் என்று. செருப்பு பதில் சொல்லவில்லை, அவரும் வற்புறுத்தவில்லை. வெயில் ஏறுகிறதே என்று வேப்பமர நிழலில் ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் பதினோரு ஜோடி வந்தன. வெள்ளிக்கிழமைக்குள் வேப்பமர நிழல் போதாமல் போய், பரந்தாமன் கிழக்கேயிருந்து வந்தவற்றை சைக்கிள் ஷெட் பக்கமும் மேற்கேயிருந்து வந்தவற்றைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கமும் பிரித்து உட்கார்த்தினார். எல்லாம் சிட்டுக்கால் செருப்புதான், வேறு கம்பெனிச் செருப்பு ஒன்றுகூட வரவில்லை. வார் அறுந்தவை, குதி தேய்ந்து ஓட்டை விழுந்தவை, நாய் கடித்தவை, ஊக்கு குத்தி ஒப்பேற்றியவை, குப்பைமேட்டு நாற்றத்தோடு எழுந்து வந்தவை, கிணற்றுக்குள் கிடந்து பாசி பிடித்தவை, இப்படி யார் யாரோ போட்டு மிதித்துவிட்டுத் தூக்கியெறிந்ததெல்லாம், ரோட்டின் இடது ஓரமாக, லாரி வந்தால் நின்று, போனபின் கடந்து, ஒழுங்கு மரியாதையாக வந்தன. ஜோடியைத் தொலைத்த ஒற்றைச் செருப்புகள்தான் பார்க்கப் பாவம். நொண்டி நொண்டிக் குதித்து வருவதால் மற்றவற்றைவிட ஒருநாள் பிந்தி வந்து, கேட்டில் சாய்ந்து நின்றன.

ஊர் கொஞ்ச நாள் வேடிக்கை பார்த்தது, அப்புறம் பழகிவிட்டது. எதற்குத்தான் பழகாது இந்த ஊர், பாலாற்றில் தண்ணீர் ஓடாததற்கே பழகிவிட்டதே. காலையில் வாசல் தெளிக்கிற பெண்கள், செருப்புகள் தெருவைக் கடந்து முடியட்டும் என்று கோலப்பொடிக் கிண்ணத்தோடு காத்திருந்தார்கள். டவுன் பஸ்ஸில் ஏறிக்கொண்ட செருப்புகளுக்கு டிக்கெட் போடுவதா வேண்டாமா என்று கண்டக்டர்கள் டிப்போவில் கேட்டு, சீட்டில் உட்காராதவரைக்கும் வேண்டாம் என்று முடிவாயிற்று. வம்பு வந்தது கோயில் வாசலிலும் பள்ளிவாசலிலும்தான். தேய்ந்துபோன சிட்டுக்காலை வெளியே விட்டுவிட்டு உள்ளே போனவன் கும்பிட்டுவிட்டோ தொழுதுவிட்டோ வருவதற்குள், இதுதான் சமயம் என்று அது கம்பெனிக்குக் கிளம்பிவிடும். அவன் கொதிக்கிற தரையில் கால்மாற்றி கால்மாற்றி நின்றுகொண்டு கம்பெனிக்காரனின் ஏழு தலைமுறையையும் இழுப்பான்.

இந்தக் கூத்தை ஊரெல்லாம் சிரித்துக்கொண்டே பார்த்தபோது, சிரிப்பு வராதது ஒருத்திக்குத்தான். பேஸ்டிங் மேசையில் இருபத்தொன்பது வருஷமாகப் பசை தடவுகிற தேவகிருபைக்கு. ஐம்பத்து மூன்று வயது, மிஷன் காம்பவுண்டில் ஒற்றை அறை வீடு, அதே கம்பெனியில் வேலை பார்த்த புருஷன் பிரகாசம் இறந்து பத்து வருஷம், ஒரே பிள்ளை ஆமோஸ் வீட்டை விட்டுப் போய் ஏழு வருஷம். வேலைக்குக் கிளம்பும்போது ரேடியோவை அணைக்காமல் கதவைப் பூட்டிக்கொண்டு வருவாள், சாயங்காலம் திறக்கும்போது உள்ளே ஒரு குரலாவது இருக்கட்டுமே என்று. கரண்ட் போன நாளில் அந்த வீட்டுக்குள் நுழையவே அவளுக்குக் கால் வராது. முதல் ஜோடியைப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, ஒருநாள் ஆமோஸின் செருப்பும் இப்படி வரும் என்று. வரவேண்டும் என்றும் இருந்தது, வந்துவிடக் கூடாது என்றும் இருந்தது. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் பேஸ்டிங் மேசையின் ரகசியத்தைச் சொல்லியாக வேண்டும்.

சிட்டுக்கால் செருப்பு பார்வைக்கு ஒன்று, உள்ளே மூன்று. கீழே கெட்டி ரப்பர், மேலே மெத்துமெத்தென்று பஞ்சு ரப்பர், நடுவே ஒரு துணி. பசை தடவி, பத்து நிமிஷம் காயவிட்டு, மறுபடி ஒரு பூச்சுத் தடவி அழுத்தினால் ஆயுசுக்கும் பிரியாது. பிரியாது என்பதுதான் அந்த மேசைக்குப் பெருமை, கம்பெனிக்கு விளம்பரமும் அதுதான். பிரியாத இடத்தில் எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள்? அதனால் அந்த மேசையின் நாற்பது பெண்களும், யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது, பசை காய்கிற பத்து நிமிஷத்தில் நடுத்துணியில் பேனாவால் எதையாவது எழுதிவிட்டுத்தான் ஒட்டுவார்கள். எழுதினது பலிக்கும் என்று நம்பிக்கை. ஊர் பேர் தெரியாத ஒருவன் நாளைக்கு ஆயிரம் தரம் மிதிக்க மிதிக்க அது நடந்தே தீரும். பெண் குழந்தை பிறக்கணும், மாமியார் ஊருக்குப் போகணும், இந்த மாசமாவது இருமல் நிற்கணும், சூப்பர்வைசர் நாசமாகப் போகணும் என்று அந்த மேசையின் வேண்டுதல் எல்லாம் எங்கெங்கோ கடைவீதியிலும் வயல் வரப்பிலும் கல்யாண மண்டபத்திலும் மிதிபட்டுக்கொண்டிருந்தது.

ஆமோஸுக்கு அந்தக் கம்பெனியைக் கண்டாலே ஆகாது. அப்பாவுக்கு நெஞ்சு கெட்டது இந்தப் பசை நாற்றத்தால்தான் என்பான். கிருபை முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி கட்டிங் மெஷினில் அவனுக்கு ஓர் இடம் வாங்கி வைத்தாள். சேர வேண்டிய திங்கட்கிழமைக்கு மூன்று நாள் இருக்கும்போது அவன், நான் வெளியூர் போகிறேன், நீயும் இந்த வேலையை விட்டுத் தொலைத்துவிட்டு வா என்றான். பேச்சு முற்றியது, அப்பாவைத் தின்ற கம்பெனியில் நீ இன்னும் சோறு தின்கிறாயே என்று கேட்டுவிட்டான், அவள் கைநீட்டிவிட்டாள். மறுநாள் சனிக்கிழமை. தொழிலாளிகளுக்கு வருஷத்துக்கு ஒரு ஜோடி இலவசமாகக் கொடுப்பார்கள், கடையில் விற்றுவிடாதபடி கம்பெனியின் குருவி முத்திரை குத்தாத ஜோடி. அதை அவனுடைய ஒன்பதாம் நம்பரில் அவளே ஒட்டினாள். ஒட்டும்போது இடதுகால் துணியில், பேனா முனை கிழிக்கிற ஆத்திரத்தோடு, போறவன் போ, இந்த வாசப்படிய மறுபடி மிதிக்காதே என்று எழுதினாள். கொண்டுபோய் வாசலில் வைத்தாள். அவன் ஒரு வார்த்தை பேசாமல் அதைப் போட்டுக்கொண்டு போனான். அவ்வளவுதான், கடுதாசியும் இல்லை, போனும் இல்லை.

அவள் கோபம் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கோயில் மணி அடிக்கும்போதே வடிந்துவிட்டது. ஆனால் எழுதினது எழுதினதுதானே. அவன் எந்த ஊரில் எந்தத் தெருவில் நடந்தாலும் ஒவ்வோர் அடிக்கும் தன் வார்த்தையைத்தான் மிதிக்கிறான், மிதிக்க மிதிக்க அது பலிக்கிறது, அதனால்தான் வாசல் பக்கம் வராமல் இருக்கிறான் என்று நினைத்து நினைத்து ஏழு வருஷம் வெந்துபோனாள். மாற்று என்று அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான். அன்றிலிருந்து தன் கைக்கு வந்த ஒவ்வொரு செருப்பிலும், ஒன்று விடாமல், திரும்பி வந்துடு, திரும்பி வந்துடு என்று எழுதி ஒட்டினாள். பேர் எழுதவில்லை, வெட்கம். பெங்களூரில் வேலை பார்க்கிறான், மாசாமாசம் பேசுகிறான் என்றுதான் மேசையில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஆகவே அந்த ஜோடி வரவேண்டும், வந்தால் பிரித்து எழுத்தைச் சுரண்டி எறிந்துவிடலாம் என்று பிளேடு ஒன்றை முந்தானையில் முடிந்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஆவணியில்தான் அவள் காத்திருப்பில் மண் விழுந்தது. கடையிலிருந்து அப்போதுதான் எடுத்த மாதிரி, கீறல் இல்லாத, வாரில் மினுமினுப்புக்கூடப் போகாத ஒரு ஜோடி வந்தது. மூன்றாம் நாள் குடியாத்தத்திலிருந்து ஒரு பெண் தேடிக்கொண்டு வந்து, அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதாள். அவள் தம்பி போட்டிருந்தது, வாங்கி நாலு நாள்தான், லாரி அடித்துப் போய்ச் சேர்ந்துவிட்டான். தேய்ந்தால்தான் வரும் என்றில்லை, போட ஆளில்லாமல் போனாலும் வரும் என்று அப்போதுதான் எல்லாருக்கும் புரிந்தது. அதற்கப்புறம் நல்ல செருப்பு ஒன்று ரோட்டில் தனியாக நடந்து வந்தால் டீக்கடையில் பேச்சு நின்றுவிடும், ஆண்கள் தோளில் கிடக்கிற துண்டைக் கையில் எடுத்துக்கொள்வார்கள். கிருபை தினமும் சங்குக்கு அரைமணி முன்னால் வந்து இரண்டு குவியலிலும் ஒன்பதாம் நம்பரைத் தேடிவிட்டு உள்ளே போனாள். ஆண்டவரே அது வரட்டும், ஆனா தேஞ்சு வரட்டும் என்பதுதான் அவள் ஜெபம்.

முதலாளி இலியாஸ் பாய் நல்ல மனுஷர்தான். ஆனால் வேண்டாத பொருள் வாசலுக்கு வந்தால் எல்லாரும் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் முதலில் செய்தார். பத்து லாரியில் அள்ளிப்போட்டுப் பாலாற்றுக்குள் கொட்டச் சொன்னார். லாரிகள் திரும்பி வருவதற்கு முன்னால் செருப்புகள் மணலை உதறிக்கொண்டு வந்து சேர்ந்தன. கொளுத்தச் சொன்னார். புகை மேலேயும் போகாமல் பக்கத்திலும் போகாமல் கம்பெனிக் கூரைமேலேயே ஒன்பது நாள் நின்று, பிறகு கறுப்பாக இறங்கி, ஆபீசில் அவர் உட்காருகிற நாற்காலி உட்பட எல்லாவற்றிலும் படிந்தது. துடைக்கத் துடைக்க வந்தது. காண்ட்ராக்ட்காரர் ஒருவரைப் பிடித்து மாநிலம் தாண்டி அனுப்பிவைத்தார். இருபத்தோராம் நாள், கோலார்ச் செம்மண் அப்பிய கோலத்தில், அந்த ஊர்க் காற்றில் நாலு கிலோ புழுதி சேர்த்துக்கொண்டு, அவையும் வந்தன. அதற்குள் குடோன் நிறைந்து, கேன்டீன் நிறைந்து, பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவைக்கிற தொட்டில் அறையும் நிறைந்துவிட்டது. கடைக்காரர்களும் புதுச் செருப்பு எடுக்கத் தயங்கினார்கள், ஓடிப்போகிற செருப்பை எவன் வாங்குவான் என்று. சங்கு ஊதியும் மெஷின் ஓடவில்லை. கம்பெனியை மூடிவிடுவார் என்று ஊரில் பேச்சு அடிபட்டது.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு அரவை மெஷினும் வரவழைத்துப் பார்த்தார். மூன்று தட்டையும் ஒன்றாக அரைத்தால் ரப்பரும் இல்லாத பஞ்சும் இல்லாத ஒரு கெட்ட மாவு வந்தது. அதில் வார்த்த செருப்பைப் போட்டுக்கொண்டு அவரே நடந்து காட்டினார், மூன்றாவது அடியில் அது பொலபொலவென்று உதிர்ந்து, வெறுங்காலோடு நின்றார். சிரிப்பை அடக்க முடியாமல் நாற்பது பெண்களும் திரும்பிக்கொண்டார்கள். அவர் கோபப்படவில்லை. கேன்டீனில் செருப்புகளுக்கு நடுவே கொஞ்சம் இடம் ஒதுக்கி நின்றுகொண்டு பேசினார்.

"நாம செஞ்சது நம்ம வாசலுக்கு வருது. ஆத்துக்குத் தள்ளிப் பாத்தேன், அடுத்த ஊருக்குத் தள்ளிப் பாத்தேன். அவங்களா செஞ்சாங்க? நாம ஒட்டுனோம், நாமதான் பிரிக்கணும்."

அப்படித்தான் ஆயுசுக்கும் பிரியாததைப் பிரிக்கிற வேலை ஆரம்பித்தது. ஒட்டின அதே மேசை, அதே நாற்பது பேர், பசை டப்பா இருந்த இடத்தில் கொதிக்கிற தண்ணீர்த் தொட்டியும் தட்டைக் கத்தியும். கையெல்லாம் கொப்புளம். என்ன பாவம் பண்ணி இவ்வளவு கெட்டியாக ஒட்டினோம் என்று தங்களையே திட்டிக்கொண்டு பிரித்தார்கள். பிரித்த முதல் நாளே எழுதினதெல்லாம் வெளியே வந்துவிட்டது. பக்கத்து இருக்கை குல்சார் பேகம் இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு பஸ் டிரைவரின் பேரைச் செருப்புச் செருப்பாக எழுதியிருந்தாள். மேசையே கைகொட்டிச் சிரித்தது, அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சூப்பர்வைசர் சோமசுந்தரம் தன்னைப்பற்றி எழுதியிருந்ததையெல்லாம் ஒரு வாரம் நின்று படித்துவிட்டு, அடுத்த வாரத்திலிருந்து எல்லாப் பெண்களையும் வாங்கம்மா போங்கம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்.

பிரிக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. திரும்பி வந்துடு என்று ஒரு துணி வந்தது, அடுத்த இருக்கையில் இன்னொன்று, அந்தக் கோடியில் நாலு, மத்தியானத்துக்குள் ஒரு கூடை நிறைய, எல்லாம் ஒரே கையெழுத்து. யாரும் சத்தமாகப் படிக்கவில்லை. குல்சார் மட்டும் ஒரு துணியை எடுத்து கிருபைக்கு முன்னால் வைத்தாள்.

"இன்னாடி கிருபை இது? பெங்களூர்ல கீறான்னு சொன்னியே."

"எங்க கீறான்னே தெரியாதுடி," என்றாள் கிருபை. ஏழு வருஷத்தில் அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல்தடவை. சொல்லிவிட்டுக் கையிலிருந்த செருப்பைப் பிரித்து முடித்தாள். அதிலும் அதுவேதான் எழுதியிருந்தது.

செருப்புகள் ஏன் திரும்பி வருகின்றன என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். ரப்பரில் கலப்படம் என்றார் ஓர் இன்ஜினியர், பூமி சூடேறிவிட்டது என்றது ஒரு கூட்டம், குலதெய்வக் குற்றம் என்று ஒரு சாமியாடி எலுமிச்சம்பழம் கேட்டார். குல்சார் அன்றைக்கு ஒரு காரணம் சொன்னாள். மனுஷனைக் கூப்பிடறதுக்குச் செருப்பிடம் சொல்லியனுப்பினாய், செருப்புக்குத் தெரிந்தவரைக்கும் செய்திருக்கிறது என்றாள். கிருபை அடுத்த செருப்பை எடுத்துக் கொதிநீரில் முக்கினாள். நடுத்துணி மட்டும் எந்த மெஷினுக்கும் ஆகாமல் மிஞ்சியதால் அவரவர் எழுதியதை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போகச் சொல்லிவிட்டார் பாய். மற்றவர்கள் ஒரு பையோடு போனார்கள். கிருபை தினமும் ஒரு மூட்டை சுமந்தாள். அறையின் ஒரு மூலையில் ஆரம்பித்து, கட்டிலுக்கடியில் நிறைந்து, பீரோ உயரத்துக்கு ஏறி, ரேடியோவின் குரல்கூட அமுங்கிக் கேட்கிற அளவுக்கு வீடு முழுக்க அவள் எழுதியதே திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. வர வேண்டியவன் மட்டும் வரவில்லை.

தை பிறந்ததும் கம்பெனி வேறு ஆளாகிவிட்டது. அதற்கும் காரணம் குல்சார்தான். அவள் பாய்க்கு முன்னால் போய்க் கொப்புளக் கையை விரித்துக் காட்டி, பிரிக்கிற கஷ்டம் ஒட்டினவங்களுக்குத்தான் தெரியும், இனிமேல் ஒட்டுகிற செருப்பே வேண்டாம் என்றாள். பாய் நாலு நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்தார். செருப்பு சீக்கிரம் தேய்ந்தால்தான் அடுத்த செருப்பு விற்கும் என்று அவர் அப்பா காலத்துக் கணக்கு, அதிலேயே வளர்ந்தவர். கடைசியில் சரி என்றார். பழையதில் பிரித்த கெட்டி ரப்பரை அரைத்து ஒரே தட்டாக வார்த்தார்கள், துணியும் இல்லை, பசையும் இல்லை. வாரை மூன்று ஓட்டையில் அழுத்திச் செருகினால் போதும், அறுந்தால் வார் மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதைவிடப் பெரிய மாற்றம், செருப்பை விற்பதையே நிறுத்திவிட்டார். செருப்பு கம்பெனியுடையது, போட்டு நடப்பதற்குத்தான் காசு. தேய்ந்தால் கடையில் கொடுத்துவிட்டு அடுத்த ஜோடியைப் போட்டுக்கொண்டு போகலாம், கொடுத்தது அரைபட்டு மறுபடி செருப்பாகும். எப்படியும் நடந்து வரத்தான் போகிறது, மரியாதையாகக் கடைவழியாகவே வரட்டுமே என்றார்.

ஊர் சும்மா இருக்குமா? எவன் எவன் மிதித்த ரப்பரோ, எந்தத் தெருக்காரன் போட்டதோ, அதை எங்கள் காலில் போடுவதா என்று பெரிய வீட்டுக்காரர்கள் மூக்கைச் சுளித்தார்கள். தெருவாரியாகப் பிரித்து அரைக்க முடியுமா என்று ஒருவர் ஆள்விட்டுக் கேட்டார். அரைச்சா எல்லாம் ஒரே கறுப்புத்தான், போய்ச் சொல்லு என்று குல்சார் சொல்லியனுப்பினாள். வெயில் ஏற ஏற முறைப்பும் தணிந்தது. தார் ரோடு இளகுகிற சூட்டில் எந்தத் தெரு ரப்பர் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. சிட்டுக்கால் கம்பெனி பிழைத்துக்கொண்டது, சங்கு ஊதினால் மெஷின் ஓடியது, பசை நாற்றம் மெல்ல மெல்ல ஊரைவிட்டே போனது. வீட்டுக்குப் போனால் குழந்தைகள் கிட்டே வருகிறார்கள் என்று மேசைப் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். கிருபையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தாள். ஆனால் ஒரே தட்டாக இருக்கிற அந்தப் புதுச் செருப்பைக் கையில் எடுத்தபோதெல்லாம் அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நடு என்று ஒன்று இல்லை, எழுத இடமில்லை. பிரகாசம் செத்தபோது, பிள்ளை போனபோது, ஒண்டியாகக் கிறிஸ்துமஸுக்குச் சோறு பொங்கியபோது, எதையும் அவள் யாரிடமும் சொன்னதில்லை, எழுதி ஒட்டித்தான் பழக்கம். இனி எங்கே கொண்டுபோய் வைப்பாள்?

பங்குனி மாதம் ஒரு புதன்கிழமை, சாப்பாட்டு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும். கேட்டை விட்டு நகராத பரந்தாமன் அன்றைக்கு மேசைவரைக்கும் வந்தார். கையில் ஒரு ஜோடி. கிருபைக்கு முன்னால் வைத்துவிட்டு, கிழக்கேயிருந்து வந்தது, ஒன்பதாம் நம்பர், குருவி முத்திரை இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல் நின்றார்.

கிருபை அதைக் கையில் எடுத்தாள். முதலில் கவிழ்த்துப் பார்த்தாள். தேய்ந்திருந்தது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம், நன்றாகவே தேய்ந்திருந்தது, குதிப்பக்கம் அப்பளம்போல் ஆகி ஓட்டை விழுந்திருந்தது, வலதுகால் வெளியோரம் மட்டும் கூடுதலாக. சின்ன வயதிலிருந்தே வலதுகாலைச் சாய்த்து வைத்து நடப்பான், எத்தனை அடி வாங்கினாலும் திருந்தாத நடை. வார் அறுந்த இடத்தில் பச்சை நைலான் நூலால் முடிச்சுப் போட்டிருந்தது. ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்ததை குல்சார் விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள், உப்பு. வாருக்கடியில் மீன் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. மாசக்கணக்காகச் செருப்பு பார்த்த பெண்களுக்கு இதற்குமேல் சொல்ல வேண்டுமா? வலை பின்னுகிற நூல் இது, மீன் ஏலம் விடுகிற இடம், காசிமேடோ கடலூரோ, அங்கே ஈரத்துக்கு ரப்பர் பூட்ஸ் கொடுப்பார்கள், அதைப் போட்டுக்கொண்டு இதைக் கழற்றிப் போட்டிருப்பான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். உயிரோடு இருக்கிறான் என்ற வார்த்தையை மட்டும் யாரும் சொல்லவில்லை, கிருபை சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

அவள் செருப்பைக் கொதிநீரில் முக்கினாள். வலதுகாலை முதலில் எடுத்தாள். அது முழுப் பலத்தையும் வாங்கிக்கொண்டு, கத்தி வளைகிற அளவுக்கு முரண்டு பண்ணிப் பிரிந்தது, உள்ளே வெறுந்துணி. இடதுகாலில் கத்தியை வைத்ததும், பழுத்த வாழைப்பழத் தோல் உரிகிற மாதிரி வந்துவிட்டது. அவள் மூக்குக்கு உடனே தெரிந்தது, இது கம்பெனிப் பசை நாற்றம் இல்லை, சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிற பசை. அந்தச் சனிக்கிழமை, எழுதி முடித்ததும் கண்ணீர் கண்ணை மறைத்துக்கொண்டு வந்ததில், இரண்டாம் பூச்சுத் தடவாமலே அழுத்தியது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் ஒரே ஒரு செருப்பைத்தான் அவள் சரியாக ஒட்டவில்லை. முதல் மழைக்கே வாய் பிளந்திருக்கும். அவன் பிரித்துப் பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு மறுபடி ஒட்டிப் போட்டிருக்கிறான்.

துணியில் அவள் எழுத்து பழுப்பேறி அப்படியே இருந்தது. போறவன் போ. இந்த வாசப்படிய மறுபடி மிதிக்காதே. அதற்குக் கீழே, பள்ளிக்கூடத்து நோட்டில் எழுதுகிற மாதிரி சின்னச் சின்னதாய்ச் சாய்ந்த எழுத்தில், ஒரே ஒரு வார்த்தை எழுதியிருந்தான்.

சரிம்மா.

கிருபை முந்தானையில் முடிந்திருந்த பிளேடை எடுத்தாள். எடுத்து, தன் எழுத்தின்மேல் வைத்து, சுரண்டாமல் வைத்துக்கொண்டே இருந்தாள். மேலே இருப்பதை அழித்துவிட்டால் கீழே இருப்பது எதற்குச் சொன்ன பதில் என்று தெரியாமல் தனியாக நிற்கும். பிளேடை மேசைமேல் வைத்துவிட்டாள்.

"சின்ன வயசுலேர்ந்து நான் சொன்ன ஒரு பேச்சு கேட்டவன் இல்லடி அவன்," என்றாள் குல்சாரிடம். "இத மட்டும் கேட்டுட்டான்."

குல்சார் அவள் தோளைத் தொட்டாள். கிருபை அழுதாள், வாய்விட்டு, மேசைக்கு முன்னால், எல்லாரும் பார்க்க. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டாள். கெட்டி ரப்பரை ரப்பர்க் கூடையிலும் பஞ்சு ரப்பரைப் பஞ்சுக் கூடையிலும் வழக்கம்போலப் போட்டாள், நடுத்துணியை மடித்து ரவிக்கைக்குள் வைத்தாள், பாயிடம் சொல்லிவிடு என்று குல்சாரிடம் சொன்னாள். எப்போ வருவே என்று அவள் கேட்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது, எல்லாரும் கேன்டீனுக்குப் போகிற நேரத்தில் கிருபை கேட்டைத் தாண்டி வெயிலில் இறங்கி, கிழக்கே வேலூர் ரோட்டில் நடக்க ஆரம்பித்தாள். வேலைநாளில் சாயங்காலத்துக்கு முன்னால் அவள் அந்த கேட்டைத் தாண்டியது அதுதான் முதல்தடவை.

அன்றைக்கு வர வேண்டிய செருப்புகள் எதிரே வந்துகொண்டிருந்தன, ஜோடி ஜோடியாகவும் ஒற்றை ஒற்றையாகவும், கம்பெனியைப் பார்த்து. அந்த ரோட்டில் கம்பெனிக்கு முதுகைக் காட்டி நடந்தவள் அவள் ஒருத்திதான். அவள் கிட்டே வந்ததும் அவை நின்று, இரண்டு பக்கமும் ஒதுங்கி, அவளுக்கு வழி விட்டன.